காட்டேரிக்கு எழுதியது

பரிசல் ஓட்டும் செங்கோடன் ஏழாவது முறையாகச் சூடத்தோடு மடத்துக்கு வந்தார். மடத்துச் சாமி அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். ஆனாலும் செங்கோடனுக்கு அவர்தான் குரு.

"சாமி, இனிச் சாகற வரைக்கும் குடியைத் தொடமாட்டனுங்க. சூடத்து மேல சத்தியம்."

"போன மாசமும் இதே சூடந்தானுங்களே, அண்ணா?"

முன்பு செய்த ஆறு சத்தியமும் ஆற்றோடு போயிருந்தன. முந்தாநாள் நடு ஆற்றில், போதையில், துடுப்பை மடியில் வைத்தபடியே கண்ணசந்துவிட்டார். பரிசலில் இருந்தது மகள் வளர்மதியும் அவள் கைக்குழந்தையும். மீன் பிடிக்க வந்தவர்கள் இழுத்துக் கரை சேர்த்தார்கள். மகள் ஒரு வார்த்தை திட்டவில்லை. துடுப்பை எடுத்துக்கொண்டு புருஷன் வீட்டுக்குப் போய்விட்டாள். அதைத்தான் மனுஷனால் தாங்க முடியவில்லை.

"எம்புள்ள கையால அந்தத் துடுப்பை வாங்கோணுமுங்க சாமி," என்று அழுதார்.

சாமி எரிகிற சூடத்தின் மேல் சொம்பைக் கவிழ்த்து அணைத்தார். ஒரு சாக்கட்டியை எடுத்து நீட்டினார்.

"ஊருக்குள்ள காட்டேரி பயம் வந்தப்ப கதவுல என்ன எழுதுனீங்க?"

"'நாளை வா'ன்னுங்க. அது வந்து படிச்சுப்போட்டுத் திரும்பிப் போயிரும். மறுநாளும் வந்து அதையேதான் படிக்கும்."

"அதையே எழுதுங்க. குடியை விட்டா வர்ற கை நடுக்கத்துக்கு ஆஸ்பத்திரியில மருந்து வாங்கிக்குங்க."

இவ்வளவுதானா என்று செங்கோடனுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இருந்தாலும் எழுதினார். மறுநாள் காலையில் தொங்கிய முகத்தோடு வந்து நின்றார்.

"எழுதியுங் குடிச்சுப்போட்டனுங்க சாமி. குடிச்சுட்டுத் திரும்பி வந்தப்பத்தான் எழுத்தே கண்ணுல பட்டுச்சு."

"எங்க எழுதுனீங்க?"

"வெளிப்பக்கமுங்க. காட்டேரி வெளியிலிருந்துதானுங்களே வரும்?"

சாமி வாய்விட்டுச் சிரித்தார். "உள்பக்கம் எழுதுங்க, அண்ணா."

அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு நாக்கு வறண்டது. கால் தானாகச் செருப்பைத் தேடியது. கதவைத் திறக்கப் போனால் எழுத்து முகத்துக்கு நேரே நின்றது. சரி, நாளைக்குக் குடித்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்துவிட்டார். மறுநாளும் அப்படித்தான். எழுத்து மங்கினால் மேலேயே இன்னொரு முறை எழுதினார்.

அது ஆடி மாதம். தை பிறந்ததும் வளர்மதி துடுப்போடு வந்தாள். கரையில் கவிழ்ந்து கிடந்த பரிசலை அப்பாவும் மகளும் நிமிர்த்தினார்கள். குழந்தையோடு முதல் ஆளாக ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"அக்கரைக்குப் போலாங்கப்பா."

செங்கோடன் துடுப்புப் போட்டார். கை நடுங்கவில்லை. அப்பாடா என்று அவர் விட்ட மூச்சில் குழந்தை திரும்பிப் பார்த்தது.

சேதி சொல்ல மடத்துக்கு ஓடினார். சாமி குளிக்கப் போயிருந்தார். அவர் அறைக்குள் போய்க் காத்திருந்தபோது காற்றில் கதவு சாத்திக்கொண்டது. அதன் உள்பக்கம் 'நாளை வா' என்று இருந்தது. புதிதாக எழுதியது; சாக்கட்டிப் பொடி இன்னும் உதிரவில்லை.

சாமி ஈரத் துண்டோடு உள்ளே வந்தார்.

"உங்களுக்குமுங்களா சாமி?"

"பதினோரு வருஷமா தினமும் வருது, அண்ணா. பாவம், நாளைக்குக் கிடைக்கும்னு இன்னும் நம்பிட்டிருக்குது."