முந்நூறு வருஷத்துச் சவரக்கத்தி

முன்னொரு காலத்தில் நெல்லிக்கோட்டையை மகுடேச பூபதி என்றொரு ராஜா ஆண்டு வந்தார். ஆண்டார் என்றா சொன்னேன்? ஆண்டது காலையில் ஒரு நாழிகை. மிச்ச நேரமெல்லாம் பழம்பொருள் பித்து. பாட்டனார் தடுக்கி விழுந்த படிக்கல், பூட்டனார் தொலைத்த செருப்பின் ஜோடிச் செருப்பு என்று ஒரு மண்டபமே நிறைந்து கிடந்தது. படிக்கல்லுக்குத் தினமும் பால் அபிஷேகம் வேறு.

சபையில் அனந்தகீர்த்தி ராயர் என்று ஒருவர். மூளை கொஞ்சம், மீசை நிறைய. ராஜாவுக்குச் சவரம் செய்யும் வேலாண்டியிடம் ராஜா சிரித்துப் பேசினால் ராயருக்கு வயிறு எரியும்.

ஒருநாள் அவர் பட்டுத்துணியில் சுற்றிய சவரக்கத்தி ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார்.

"மகாராஜா! தங்கள் வம்சத்தின் முதல் ராஜா ஆதிமகுடேசரின் கத்தி. முந்நூறு வருஷம் பழசு!"

ராஜாவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "இதற்கு ஒரு கோயில் கட்டுவோம்! கூப்பிடு வேலாண்டியை, அவனும் பார்த்துப் பரவசப்படட்டும்."

வேலாண்டி கத்தியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பினான். தொழில்காரன் கண்ணாயிற்றே! தினமும் தீட்டிய கத்தி வருஷம் ஆக ஆக அகலம் குறைந்துகொண்டே வரும். இதுவோ முழு அகலத்தில் இருந்தது. கறுப்பெல்லாம் மேலோடு ஒட்டியிருந்தது. முகர்ந்தும் பார்த்தான்.

"மகாராஜா, இது புதுக்கத்தி. பழசாகக் காட்ட ஊறுகாயைப் பூசியிருக்காங்க. எலுமிச்சை ஊறுகாய். பெருங்காயம் கொஞ்சம் தூக்கல்."

"ஆதிமகுடேசர் ஊறுகாய்ப் பிரியர்!" என்றார் ராயர், கண்ணை இமைக்காமல்.

"ஆமாம், எனக்கும் பிடிக்குமே! ரத்தம் பேசுகிறது!" என்று ராஜா தொடையைத் தட்டினார்.

"இது கொஞ்சங்கூடத் தேயலையே, மகாராஜா?"

"அடே மூடா, அந்தப் படத்தைப் பார்!" ராயர் சுவரைக் காட்டினார். ஆதிமகுடேசர் தொப்புள் வரை தாடியோடு நின்றார். "சவரமே செய்துகொள்ளாதவர் கத்தி எப்படித் தேயும்?"

"சவரமே செய்யாதவருக்குக் கத்தி எதுக்கு எசமான்?"

"ராஜாவுக்கு எல்லாமும் இருக்க வேண்டாமா?"

ராஜா உருகிப் போனார். பிறகு வேலாண்டியை முறைத்தார். "என் மூதாதையின் தாடியையே சந்தேகிக்கிறாயா? உச்சிவேளை முரசுக்குள் இது புதுசு என்று நிரூபி. இல்லாவிட்டால் கழுதைமேல் ஏற்றி, குடும்பத்தோடு நாடு கடத்திவிடுவேன்!"

நிறைமாசக் கர்ப்பிணிப் பெண்டாட்டியை வேலாண்டி எந்த நாட்டுக்குக் கூட்டிப்போவான்? போதாக்குறைக்குக் கழுதை போகிற தெருவில்தான் மாமியார் வீடு. கத்தியை இன்னொரு தரம் பார்த்தான். அப்போதுதான் அது கண்ணில் பட்டது. கத்தியின் இரண்டு பக்கமும் கன்னங்கரேல் என்றிருக்க, விளிம்பு மட்டும் பளபளவென்று மின்னியது. ஊறுகாய் பூசிய ராயர், விரலை வெட்டிக்கொள்ளப் பயந்து விளிம்பைத் தொடாமலே விட்டிருக்கிறார்!

வேலாண்டி சட்டென்று குரலை மாற்றினான். "எசமான் சொன்னதே சரியாயிருக்கும். அப்போ, இதைச் சாணைக்கல்லே தொட்டதில்லையா?"

"முந்நூறு வருஷமாகத் தொட்டதில்லை!"

"தோல்வாரில்கூடத் தீட்டலையா?"

"என் மீசைமேல் சத்தியமாக இல்லை!"

"மகாராஜா, முந்நூறு மழைக்காலம் தீட்டாமல் கிடந்த கத்தி வெண்ணெயைக்கூட வெட்டாது. இதை ராயர் எசமான் மீசையில் ஒரே ஒரு இழு இழுக்கிறேன். ஒரு முடி விழலைன்னா நானே போய்க் கழுதைமேல் ஏறிக்கிறேன்."

"ஆகா, நல்ல நியாயம்! உட்காரும் ராயரே!"

"ம-மகாராஜா, காலையில்தான் எண்ணெய் தடவினேன்..."

"வெண்ணெயே வெட்டாதாம், எண்ணெய்க்கு என்ன வந்தது? உட்காரும்!"

ராயர் உட்கார்ந்தார். வேர்வை மீசை வழியாகச் சொட்டியது. வேலாண்டி குலதெய்வத்தை நினைத்துக்கொண்டு, தண்ணீர்கூடத் தொடாமல், இடது பக்கம் கத்தியை வைத்து லேசாக இழுத்தான். சரக்! பாதி மீசை அப்படியே பறந்து ராஜாவின் மடியில் விழுந்தது.

ராஜா அதை எடுத்துப் பார்த்தார். ராயரையும் பார்த்தார்.

"கத்தி வெட்டவில்லை மகாராஜா!" என்று அலறினார் ராயர். "மீசைக்கு வயசாகிவிட்டது! அது... அது தானாக உதிர்ந்தது!"

ராஜா கையிலிருந்த பாதி மீசையைத் தூக்கிப் பிடித்தார். முதலில் உதடு துடித்தது, பிறகு தொந்தி குலுங்கியது. "இத்தனை வருஷம் படிக்கல்லுக்குப் பால் ஊற்றியவன், எனக்கு இதுவும் வேண்டும்!" என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். தன் கைக்காப்பைக் கழற்றி வேலாண்டிக்குப் போட்டார். இனிப் பழம்பொருள் எது வந்தாலும் வேலாண்டி பார்த்துச் சொன்ன பிறகே மண்டபத்துக்குள் வரும் என்றும் உத்தரவு போட்டார்.

"ராயரே, வலது மீசைக்கும் அதே வயசுதானே? அதுவும் தானாகவே உதிரட்டும். அதுவரை யாரும் அதில் கைவைக்கக் கூடாது. தினமும் சபையில் முன்வரிசையில் நிற்க வேண்டும்."

ஒரு வாரம் நின்றார் ராயர். எட்டாம் நாள் பட்டப்பகலில், முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு வேலாண்டி வீட்டு வாசலுக்கு வந்தார்.

"வேலாண்டி ஐயா, உங்களுக்குக் கோடிப் புண்ணியம். இந்தப் பக்கத்தையும் எடுத்துவிடுங்க."

"ஐயையோ ராயரே, ராஜ கட்டளையாச்சே!" வேலாண்டி எண்ணெய்க் கிண்ணத்தோடு பரிவாக வந்து நின்றான். "வேணும்னா எண்ணெய் தடவிவிடறேன். இன்னும் நல்லா வளரட்டும்."