கற்பூரத்தை யார் அணைப்பது

ஆலங்கரை நாட்டில் பொய் சொல்வது கொஞ்சம் சிரமம். அரசன் மாறவேளின் தாத்தா ஒரு சட்டம் போட்டிருந்தார். சபையில் யார் எதைச் சொன்னாலும், அம்மன் பெயரால் ஏற்றிய கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்தால்தான் அது செல்லும். கற்பூரம் இல்லாமல் சொன்ன வார்த்தை காற்றோடு போய்விடும். பேரனுக்கு இந்தச் சட்டத்தில் ஏகப் பெருமை.

தாத்தா இன்னொரு சட்டமும் போட்டிருந்தார். அம்மனை நம்பாதவன் ஆற்றைக் கடந்து போய்விட வேண்டும், திரும்பி வரக்கூடாது. அந்தச் சட்டத்துக்கு வெகுகாலமாக வேலையே வரவில்லை. வேலை வந்த நாளில் நடந்தது இது.

கோயில் மடைப்பள்ளியில் சேந்தன் என்று ஒரு சமையல்காரன் இருந்தான். அவன் வைக்கும் வெண்பொங்கலுக்காக ஊரே கோயில் வாசலில் நிற்கும். கோயில் அதிகாரி அம்பலவாணருக்கு அந்த வேலையைத் தன் மைத்துனனுக்கு வாங்கித்தர ஆசை. ஒருநாள், படைத்து இறக்கிய பொங்கலில் ஒரு கவளம் வாயில் போட்டுக்கொண்டார்.

"உப்புக் குறைகிறதே. அம்மனுக்குக் கோபம் வராதா?"

"அம்மன் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை ஐயா. சாப்பிடுகிறவர்கள் வாசலில் நிற்கிறார்கள்."

"அப்படியென்றால் உனக்கு நம்பிக்கை இல்லையா?"

"இல்லை ஐயா" என்றான் சேந்தன். கேட்டதற்குப் பதில் சொன்னான், அவ்வளவுதான்.

மறுநாள் காலை காவலர்கள் வந்துவிட்டார்கள். பானை அடுப்பில் ஏறியிருந்தது. விறகை வெளியே இழுத்துப்போட்டு, பானையைத் தணலில் விட்டுவிட்டு, சேந்தன் சபைக்குப் போனான். பின்னாலேயே அவன் அம்மா உமையாளும் ஓடிவந்தாள்.

"அதிகாரி சொல்வது உண்மையா?" என்று அரசன் கேட்டான்.

"உண்மைதான் மகாராஜா."

உமையாள் தலையில் அடித்துக்கொண்டாள். "ஒரு தடவை பொய் சொன்னா வாய் வெந்தா போயிடும்?"

"பொய் சொல்லக்கூடாதுன்னு நீதானேம்மா வளர்த்தே."

"அம்மன் பார்த்துக்கிட்டிருக்கான்னு சொல்லித்தானேடா வளர்த்தேன்."

"அம்மன் போயிட்டா. பழக்கம் மட்டும் போகலை."

சபையில் யாருக்கோ சிரிப்பு வந்து, அதை இருமலாக மாற்றிக்கொண்டார். அரசனுக்கோ ஆவல் தாங்கவில்லை. "எப்போதப்பா போனாள்?"

"சின்ன வயசுல மகாராஜா. படைக்கிறதுக்கு முன்னாடியே பூனை பொங்கலை நக்கிடுச்சு. பயத்துல நான் யார்கிட்டயும் சொல்லலை. அதையே படைச்சாங்க. கோயில் இடிஞ்சு விழும்னு காத்துக்கிட்டிருந்தேன். விழலை. பூனையும் நல்லாக் கொழுத்துது."

"நீ ஏனம்மா நம்புகிறாய்?" என்று அரசன் உமையாளிடம் கேட்டான்.

"எங்கம்மா கையைப் பிடிச்சுக்கிட்டுப் போனேன் மகாராஜா. இப்ப அவ இல்லை. ஆனா கோயில் வாசல்ல நின்னா, அவ கை இன்னும் பிடிச்சிருக்கிற மாதிரி இருக்கு. நீங்க இவனை அனுப்பிட்டா, இவன்கூடப் போறதா, அங்கே போய் நிக்கிறதா?"

அரசனின் முகம் வாடியது. ஆனால் தாத்தா போட்ட சட்டம். தீர்ப்புச் சொல்ல வாயைத் திறந்தான்.

"அரசே, கற்பூரம்" என்றது ஒரு குரல். அரண்மனை விகடகவி வேம்பன்தான். "இதுவரை சேந்தன் சொன்னதெல்லாம் வெறும் வாயால் சொன்னது. செல்லாது."

உடனே பீடத்தில் பட்டு விரித்தார்கள். தட்டில் பெரிய கற்பூரக் கட்டியாக வைத்து ஏற்றினார்கள். சேந்தன் கையை ஓங்கினான்.

"கொஞ்சம் இரு" என்றான் வேம்பன். "அரசே, கற்பூரம் அணைத்துச் சொன்னதை நாம் ஏன் நம்புகிறோம்?"

"அம்மனுக்குப் பயந்தவன் பொய் சொல்லமாட்டான் என்றுதான்."

"அப்படியானால், இவன் சத்தியத்தை நீங்கள் ஏற்றுக்கொண்டால் இவன் அம்மனுக்குப் பயந்தவன். பயந்தவனை எதற்கு நாடு கடத்துவது? சத்தியத்தை ஏற்காவிட்டால் இவன் சொன்னதே செல்லாது. அப்போதும் எதற்கு நாடு கடத்துவது?"

அரசன் தாடையைத் தடவினான். அம்பலவாணர் எழுந்து வந்தார்.

"இவன் பேச்சை விடுங்கள் அரசே. நான் சத்தியம் செய்கிறேன். என் காதால் கேட்டேன்."

"மடைப்பள்ளியில் அவன் சொன்னபோது பக்கத்தில் கற்பூரம் இருந்ததா?" என்றான் வேம்பன்.

"அங்கே எதற்குக் கற்பூரம்?"

"அப்போது செல்லாத வார்த்தைக்குச் சாட்சியா நீங்கள்? வேண்டுமானால் வேறு சத்தியம் செய்யுங்கள். அம்மன்மேல் எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை என்று. இன்னொருவனை ஊரைவிட்டு அனுப்பக் கேட்கிறவர், இதையாவது சொல்ல வேண்டாமா?"

அம்பலவாணர் கையைத் தூக்கினார். கை நெருப்புக்கு மேலே அப்படியே நின்றது. மைத்துனன் விஷயம் எப்படியோ, அம்மனிடம் அவருக்கு நிஜமாகவே பயம் உண்டு. கையை மெதுவாகக் கீழே இறக்கிவிட்டார்.

"இவரல்லவா பக்தர்" என்றான் வேம்பன், மரியாதையாகவே. "சந்தேகம் வந்ததை அம்மனிடம் மறைக்க மாட்டேன் என்கிறார். சரி, அடுத்து யார்?"

அமைச்சர்கள் தரையைப் பார்த்தார்கள். தளபதி கூரையைப் பார்த்தார். வேம்பனின் கண் மெல்லச் சிம்மாசனத்துப் பக்கம் திரும்பியது.

"போதும், போதும்" என்றான் அரசன் அவசரமாக. "யாராவது அந்தக் கற்பூரத்தை அணையுங்கள்."

ஒருவரும் அசையவில்லை. அணைத்தால் சத்தியம் ஆகிவிடுமே. கற்பூரம் கொழுந்துவிட்டு எரிந்தது. பட்டின் ஓரம் கருக ஆரம்பித்தது.

சேந்தன் இவ்வளவு நேரமும் வாசலையேதான் பார்த்துக்கொண்டிருந்தான். "மகாராஜா, அங்கே பொங்கல் அடிப்பிடிச்சுக்கிட்டிருக்கு" என்றான். அப்போதுதான் கருகுகிற பட்டு அவன் கண்ணில் பட்டது. சமையல்காரன் கை அல்லவா? எட்டி ஒரே தட்டு. கற்பூரம் அணைந்தது.

சபையே மூச்சைப் பிடித்துக்கொண்டது.

"சத்தியம் செய்துவிட்டானே" என்றார் அம்பலவாணர்.

"எதற்குச் செய்தான்?" என்றான் அரசன்.

"கடைசியாகச் சொன்னதற்குத்தான்" என்றான் வேம்பன். "பொங்கல் அடிப்பிடிக்கிறது. கற்பூரம் அணைத்துச் சொல்லியிருக்கிறான் அரசே. சபை ஏற்றுக்கொண்டே தீரவேண்டும்."

அரசன் கண்ணில் நீர் வரச் சிரித்தான். "ஏற்றுக்கொண்டேன். ஓடப்பா, ஓடு."

சேந்தன் ஓடினான். "அம்மன்தான் காப்பாத்தினா" என்று கும்பிட்டபடி உமையாளும் பின்னால் ஓடினாள். வேம்பன் அதை மறுத்துப் பேசவில்லை.

அன்றைய பொங்கலில் முதல் இலை வேம்பனுக்கு என்று அரசன் உத்தரவு போட்டான். தானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

"எப்படி இருக்கிறது பொங்கல்?"

வேம்பன் சுற்றுமுற்றும் பார்த்தான். "இங்கே எங்கும் கற்பூரம் இல்லையே?"

"இல்லை."

"அப்படியானால் சொல்கிறேன் அரசே. உப்புக் கொஞ்சம் குறைவுதான்."