செம்மண் பூசிய நகரம்

முன்னொரு காலத்தில், புதிதாக எதைப் பார்த்தாலும் அன்றைக்கே விளையாடிப் பார்த்துவிடத் துடிக்கும் ராஜா ஒருவர் இருந்தார். அவருக்குக் கடல் வணிகன் ஒருவன் ஒரு மரக்கழுகைக் கொடுத்துவிட்டுப் போனான். சாவி முறுக்கி விட்டால் விர்ரென்று பறக்கும். நூலை இழுத்தால் திரும்பும்.

அந்த அவையில் கூத்தபிரான் என்ற விகடகவி இருந்தான். அவன்மேல் பொறாமையில் வெந்துகொண்டிருந்த தளவாய் வேட்டரையர், கழுகை அவன் கையால் பறக்க விட்டால்தான் அழகு என்று ராஜாவுக்குத் தூபம் போட்டார்.

“கூத்தபிரானே, மூன்றாம் நாள் காலை, அவையோர் அனைவரும் காண, கோட்டை வாசலிலிருந்து கோயில் வரை இது நம் நகரத்தின் மேல் பறக்க வேண்டும். தவறினால் நீர் இந்நாட்டில் இருக்கலாகாது” என்றார் ராஜா.

தளவாய் மீசைக்குள் சிரித்துக்கொண்டார். ராஜாவின் பாட்டனார் போட்ட சட்டம் ஒன்று அவருக்கு நினைவிருந்தது. திறந்த வானத்தில் எதைப் பறக்க விட்டாலும், கீழே இருக்கும் இடத்துக்காரர் சம்மதம் வேண்டும். இல்லையென்றால் நாடு கடத்தல். விட்டாலும் போவான், விடாவிட்டாலும் போவான்.

கூத்தபிரானோ விசாரிக்காமல் வேப்பங்குச்சிகூட ஒடிக்காதவன். நேரே ஏட்டறைக்குப் போய்ச் சட்டத்தைத் தேடிப் படித்தான். பிறகு இடம் இடமாக அனுமதி கேட்டுக் கிளம்பினான். ஆயுதசாலைக் காவலர்கள் ஈட்டியைக் காட்டினார்கள். ராணியின் நீராடும் குளத்தில் தாதிகள் விளக்குமாற்றோடு துரத்தினார்கள். கோயில் குருக்கள் அடுத்த கும்பாபிஷேகம் முடிந்து வரச் சொன்னார். அதற்கு இன்னும் பதினோரு வருஷம் இருந்தது.

யானைக் கொட்டடியில் பாகன் தலையைச் சொறிந்தான். “நீ பாட்டுக்கு மேல விர்ருன்னு விட்டுருவ. இவ சங்கிலிய அறுத்துக்கிட்டு சந்தைக்குள்ள ஓடுவா. அப்புறம் நீயா வந்து புடிச்சுக் கட்டுவ, சாமி?”

மூன்றாம் நாள் காலை அவைக்கு வந்தவர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். அவை மண்டபத்தின் தரை முழுவதும் அரிசிமாவில் நகரம் வரையப்பட்டிருந்தது. தெரு, குளம், கொட்டடி எல்லாம் இருந்தன. மறுத்த இடமெல்லாம் செம்மண் பூச்சு. வெள்ளையாக மிஞ்சியது குப்பைமேடு ஒன்றுதான்.

கூத்தபிரான் சாவியை முறுக்கினான். கழுகு மாவில் வரைந்த கோட்டை வாசலில் எழும்பி, உத்தரத்துக்குக் கீழே ஒரு வட்டமடித்து, மாவுக் கோயிலில் போய் இறங்கியது. மாவு பறந்ததில் குருக்கள் மட்டும் தும்மினார்.

“மன்னா, இது ஏமாற்று” என்று கத்தினார் தளவாய். “வெளியே அல்லவா விடச் சொன்னீர்கள்?”

“வெளியே என்று மன்னர் சொல்லவில்லை. நகரத்தின் மேல் என்றார், பறந்தது. கூரைக்குக் கீழே விடுவதற்குச் சட்டத்தில் தடை இல்லை” என்று ஏட்டை நீட்டினான் கூத்தபிரான்.

ராஜா ஏட்டைப் படித்தார். தாடையைத் தடவினார்.

“தளவாயாரே, இந்தச் சட்டம் உமக்கு முன்பே தெரியுமா?”

தெரியும் என்றால், ராஜாவையே சட்டத்தை மீறிய ஆணையிட வைத்தவர் ஆவார். தெரியாது என்றால், நாட்டுச் சட்டம் தெரியாத தளவாய். வேட்டரையர் மெல்ல வாசல் பக்கம் நகரப் பார்த்தார்.

ராஜா சிரித்த சிரிப்பில் அரிசிமாவுத் தெரு இரண்டு கலைந்துபோனது. மரக்கழுகையும் தன் தோளில் கிடந்த பட்டுச் சால்வையையும் கூத்தபிரானுக்கே கொடுத்தார். அன்று முதல் ஊரில் காற்றாடி விட நினைப்பவர் யாராக இருந்தாலும், எங்கே விடலாம் என்று தளவாயிடம்தான் போய்க் கேட்க வேண்டும் என்று ஆணையிட்டார்.

ஆடி மாதம், காற்றோ காற்று. தளவாய் வீட்டு வாசலில் வரிசை தெருமுனை வரை நின்றது.