நாச்சிமுத்துவின் தீயணைப்பு வண்டி

மொட்டப்பாளையத்துக்காரர்களிடம் ஒரு நல்ல குணம் உண்டு. விவரம் தெரிந்தவர் எதைச் சொன்னாலும் ஒரு சொல் பிசகாமல் செய்வார்கள். அவர்கள் படும் பாடெல்லாம் அதனால்தான்.

அந்த ஊர் நாச்சிமுத்துவுக்குச் சோறு போடுவது ஒரு பழைய வேன். தேங்காய் ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போகும். ஆயுதபூஜை ஊர்வலத்தில் அலங்கார வண்டிக்குக் கோப்பை கொடுப்பார்கள். போன வருஷம் அவன் மச்சான் டிராக்டரை மயிலாக்கிக் கோப்பையைத் தட்டிக்கொண்டு போய்விட்டான். அன்றிலிருந்து நாச்சிமுத்துவுக்குத் தூக்கம் போயிற்று. இந்த வருஷம் வேனைத் தீயணைப்பு வண்டியாக்கிக் காட்டுவதென்று கங்கணம் கட்டிக்கொண்டான்.

கூட்டாளிகள் வெல்டர் காளியண்ணனும் பெயிண்டர் மாரப்பனும். மூவரும் டவுனுக்குப் போய்த் தீயணைப்பு ஆபீசரிடம் விவரம் கேட்டார்கள்.

"வண்டி செவப்பா இருக்கோணும். தொட்டி எப்பவும் நெறஞ்சிருக்கோணும். போன் வராம ஒரு சொட்டுத் தண்ணி விடக்கூடாது" என்றார் அவர். நல்ல மனுஷன், பாவம்.

மாரப்பன் வண்டியைச் சிவப்பாக்கினான். டயர், சீட், ஸ்டியரிங், முன் கண்ணாடி எதையும் விடவில்லை.

"ரோடு எப்படித் தெரியும் மாரப்பா?"

"ரோடு தெரியோணும்னு ஆபீசர் சொன்னாருங்களா?"

சொல்லவில்லைதான். நாச்சிமுத்து பக்கத்து ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி ஓட்டப் பழகினான்.

காளியண்ணன் கூரையில் மூடியில்லாத தொட்டி ஒன்றைக் கயிற்றால் கட்டி, அருகில் தெர்மாகோல் ஏணி ஒன்றையும் நிறுத்தினான். பிரேக் போட்டால் தண்ணீர் சிந்தியது. அதற்காகக் குடத்தோடு மொபெட்டில் பின்னாலேயே வந்து, சிந்திய அளவுக்கு ஊற்றி நிரப்பினான். கூப்பிட ஒரு நம்பர் வேண்டுமே என்று நாச்சிமுத்துவின் போன் நம்பரையே வண்டியில் பெரிதாக எழுதினார்கள்.

ஊர்வலத்துக்கு முன் பூசணிக்காயில் கற்பூரம் ஏற்றித் திருஷ்டி கழித்தார்கள்.

"தீயணைப்பு வண்டி தீயப் பாத்துப் பயப்படக்கூடாதுங்க. நல்லாக் கிட்டக்கக் காட்டுங்க" என்றான் மாரப்பன்.

கிட்டக்கக் காட்டினார்கள். ஏணி பற்றிக்கொண்டது.

 நாச்சிமுத்துவின் பிழைப்பே அந்த ஒரு வண்டிதான். "தீ இருக்கற எடத்துக்கு வண்டிய உடுங்கடா!" என்று கத்தினான்.

"தீ வண்டி மேலயே இருக்குதுங்களே" என்றான் காளியண்ணன்.

மூவரும் யோசித்தார்கள்.

"அப்படீன்னா வண்டி வந்து சேந்திருச்சுங்க. இத்தன வெரசா எந்த ஊரு வண்டியும் வந்ததில்லீங்க" என்று மாரப்பன் பெருமைப்பட்டான்.

நாச்சிமுத்துவின் மனைவி சரசு தலையில் அடித்துக்கொண்டாள். "ஏனுங், தொட்டி நெறயத் தண்ணி இருக்குது. எடுத்து ஊத்துங்க!"

"போன் வராமயா?" என்று அவளைப் பரிதாபமாகப் பார்த்தான் நாச்சிமுத்து.

"நான் போன் போடட்டுங்களா?" என்றான் காளியண்ணன்.

"எரியறது என்னோட வண்டி. நாந்தான் கூப்புடோணும்."

வண்டியில் இருந்த நம்பரைப் பார்த்துப் பார்த்துத் தன் போனில் அழுத்தினான். பிஸி என்று வந்தது.

"நமக்கு முன்னால வேற யாரோ கூப்புட்டுட்டாங்க. வரிசைன்னா வரிசைதான்" என்றான் கலங்கிய குரலில். காத்திருந்தார்கள்.

அதற்குள் தொட்டியைக் கட்டிய கயிறு எரிந்து அறுந்தது. தொட்டி சாய்ந்து, கொட்டிய தண்ணீரில் தீ அணைந்தது. கூரையில் ஒரு கருப்புத் திட்டு, அவ்வளவுதான் சேதம். சரசு அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

நாச்சிமுத்துவுக்கோ வண்டி மேல் கோபமான கோபம். "போன் வராமத் தண்ணிய உட்டுருச்சே! ஆபீசர் மூஞ்சில எப்படி முழிக்கறது?"

மன்னிப்புக் கேட்கலாமென்று மறுபடி அதே நம்பரை அழுத்தினான். அப்போதும் பிஸி. அவன் முகம் வாடியது.

"பாவம், அந்த ஆளு இன்னும் பேசிக்கிட்டே இருக்கறான். நம்மள விடப் பெரிய தீயாட்ட இருக்குது."

ஊர்வலம் மேளத்தோடு கடந்து போயிற்று. காளியண்ணன் தொட்டியை நிமிர்த்திக் குடத்துத் தண்ணீரை ஊற்றத் தொடங்கினான்.

"கோப்பைய அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றான் நாச்சிமுத்து. "மொதல்ல அந்த ஆளு எந்த ஊருன்னு கேக்கோணும்." கேட்பதற்காக மறுபடி தன் நம்பரையே அழுத்தினான்.