ஊருக்குப் புறப்பட்ட சிவப்புப் பந்து

முக்கூட்டுப்புளி என்ற ஊரில் கொம்பையா, பூதத்தான், சொள்ளமுத்து என்று மூன்று சிநேகிதர்கள் இருந்தார்கள். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு மூளை உண்டு. அது அன்றைக்கு யாரிடம் இருக்கிறது என்பதுதான் தெரியாது.

கொம்பையாவுக்குப் பெண் பார்த்த தரகர், "மாப்பிள்ளை கம்ப்யூட்டரில் விளையாட்டு செய்கிறவர்" என்று பெண்ணின் அப்பா தளவாயிடம் சொல்லிவைத்துவிட்டார். உண்மையில் கொம்பையா ரைஸ் மில்லில் மூட்டை தைக்கிறவன். ஞாயிற்றுக்கிழமை வந்து அந்த விளையாட்டைப் பார்த்தபிறகுதான் பெண் தருவேன் என்று தளவாய் சொல்லியனுப்பினார். நடுவில் நாலே நாள்.

சொள்ளமுத்து வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. பிரவுசரிலேயே ஓடும் பந்து விளையாட்டைப் படிப்படியாகச் சொல்லித்தரும் பக்கம் ஒன்றும் இணையத்தில் கிடைத்தது. 'கீழே உள்ளதை ஓர் எழுத்து விடாமல் தட்டுங்கள்' என்று அதில் போட்டிருந்தது. விடவில்லை. நடுவில் வந்த மூட்டுவலித் தைல விளம்பரத்தையும் போன் நம்பரோடு தட்டினார்கள். ஒன்பதாம் வரியில் தவறு என்றது கம்ப்யூட்டர்.

"அதுக்கு ஏதுல மூட்டு? அதான் கோவப்படுது" என்றான் பூதத்தான்.

நியாயம்தான் என்று தைலத்தை எடுத்துவிட்டார்கள். உடனே வேலை செய்தது. தப்பான காரணத்துக்காகச் சரியான காரியத்தைச் செய்கிறவனை முட்டாள் என்று சொல்லலாமா? எனக்குத் தைரியம் இல்லை.

முதல் படியில் திரையில் ஒரு சிவப்புப் பந்து வந்தது. இரண்டாம் படியில் அது நகர்ந்தது. நகர்ந்து நகர்ந்து வலது ஓரத்தைத் தாண்டி மறைந்தே போனது. சொள்ளமுத்து கம்ப்யூட்டருக்குப் பின்னால் தேடினான். கட்டிலுக்கு அடியிலும் துழாவினான். ஒட்டடைதான் கிடைத்தது.

மூன்றாம் படி அதற்குத்தான் இருந்தது: பந்து ஓரத்தைத் தொட்டதும் அதைத் திருப்பியனுப்பும் வரியைச் சேர்க்க வேண்டும். கொம்பையா தட்டப்போனான். பூதத்தான் அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஏல, கல்யாணக் காரியமாப் போற பந்து. வாசல் தாண்டப்போறதத் திருப்பிக் கூப்பிடலாமா?"

கொம்பையா வெகுநேரம் யோசித்தான். "கூடாதுதான். எங்க போறேன்னுகூடக் கேக்கக் கூடாது."

"உக்காந்து ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போகச் சொல்லலாம்" என்றான் சொள்ளமுத்து.

ஆனால் தண்ணீர் கொடுப்பதற்கு அந்தப் பக்கத்தில் வரி எதுவும் இல்லை. ஆகவே மூன்றாம் படியை விட்டுவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தளவாய் வந்தார், காபி குடித்தார். கொம்பையா பொத்தானை அழுத்தினான். பந்து கிளம்பியது, போனது, மறைந்தது. தளவாய் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எங்க மாப்ள போச்சு?"

கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டார். கம்ப்யூட்டரின் வலப்பக்கம் எந்தத் திசை என்று பூதத்தான் ஜன்னல் வழியாகச் சூரியனைப் பார்த்துக் கணக்குப் போட்டான்.

"கிழக்க மாமா. உங்க ஊர்ப் பக்கந்தான்."

தளவாய் விருட்டென்று எழுந்தார்.

"வீட்ல பொம்பளப்பிள்ள தனியா இருக்கா. பந்து வந்து வாசல்ல நின்னா வாங்குறதுக்கு ஆள் வேண்டாமா?" என்றவர், அது வந்துசேர்ந்தால் கல்யாணம், இல்லாவிட்டால் இல்லை என்று சொல்லிவிட்டுப் பதினோரு மணி பஸ்ஸைப் பிடித்தார்.

சாயங்காலம் போன் வந்தது. முற்றத்தில் பந்து கிடந்ததாம். பக்கத்து வீட்டுக்காரன் தன்னுடையது என்று சண்டைக்கு வந்தும் தளவாய் கொடுக்கவில்லையாம்.

"ஆனா ஒண்ணு மாப்ள. இது பச்சையா இருக்கே."

கொம்பையா பொய் சொல்லத் தெரியாதவன். "நாங்க அனுப்பினது செவப்பு மாமா" என்றான், சம்பந்தம் போயிற்று என்ற முடிவோடு.

"அத யாரு இல்லன்னா? காயா வந்துட்டுன்னு எம் மக பாத்ததுமே சொல்லிட்டா. வைக்கோல்ல பொதிஞ்சு வச்சிருக்கா. பழுத்ததும் முகூர்த்தம் வச்சிக்கிடுவோம்."

கொம்பையா சந்தோஷத்தில் போனை வைத்துவிட்டான். பூதத்தானின் முகம்தான் தெளியவில்லை.

"அப்பப்பத் திருப்பிப் போடச் சொல்லியிருக்கணும்ல. ஒரு பக்கம் மட்டும் பழுத்தா, பாதிக் கல்யாணந்தான் நடக்கும்."