தகவலாளர் எண் ஏழு

கக்கத்தில் ஆய்வேட்டை இடுக்கிக்கொண்டு இசக்கியப்பன் தமிழ்த் துறைக்குள் நுழைந்தபோதே அவர் முகம் சரியில்லை. வணக்கம்கூடச் சொல்லவில்லை.

அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியர். உப்பளத்துப் பாடல்களைப் பற்றி எட்டு ஆண்டுகளாக, ஞாயிறும் கோடை விடுமுறையும் பாராமல், முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்தவர். நெறியாளர் ஜெசிந்தா அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். ஆனாலும் குரு குருதான் என்பார் இசக்கியப்பன்.

அன்று மாலை ஐந்து மணிக்குள் ஆய்வேட்டை அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். தவறினால் பதிவு காலாவதியாகிவிடும். அதற்கு ஜெசிந்தாவின் கையெழுத்து தேவை. வந்தவரோ கையெழுத்தைப் பற்றிப் பேசாமல் அச்செடுத்த தாள் ஒன்றை மேசைமேல் வைத்தார்.

வடக்கே யாரோ ஒரு பேராசிரியர் எழுதிய ஆங்கிலக் கட்டுரை. அதில் இசக்கியப்பனின் பழைய கட்டுரை ஒன்றை மேற்கோள் காட்டியிருந்தார். இருபத்தைந்து வருடமாக எழுதுகிறவரை ஒருவர் எடுத்தாள்வது அதுதான் முதல் தடவை. ஆனால் பக்கம் முழுக்க மாடசாமி கூறுகிறார், மாடசாமி மறுக்கிறார், மாடசாமி நிறுவுகிறார் என்றே இருந்தது. மாடசாமி அவருடைய அப்பா.

எப்படி நடந்தது என்று ஜெசிந்தா கேட்டார். கட்டுரை அனுப்பும்போது குடும்பப்பெயர் என்று ஒரு கட்டம் இருந்ததாம். காலியாக விட்டால் அடுத்த பக்கம் போக மாட்டேன் என்று அடம்பிடித்ததாம். நமக்கு ஏது குடும்பப்பெயர், இருப்பது ஒரு இனிஷியல். அதை விரித்து அப்பா பெயரைப் போட்டிருக்கிறார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

“எங்கப்பா கைநாட்டும்மா. சாகுற வரைக்கும் உப்பு வாருனவரு. அவரு எங்க போயி நிறுவுனாரு? பாடுபட்டது ஒருத்தன், பேரு இன்னொருத்தருக்கா?”

துறையின் பெயரில் கண்டனக் கடிதம் அனுப்ப வேண்டும், இன்றைக்கே அனுப்ப வேண்டும் என்றார்.

அநியாயம்தான் என்றார் ஜெசிந்தா. அப்போதே கடிதம் எழுதி, கையெழுத்திட்டு, முத்திரையும் குத்தினார். இசக்கியப்பனுக்கு மூச்சு சீரானது. அதற்குப் பிறகுதான் ஆய்வேட்டை நீட்டினார்.

ஜெசிந்தா முதலில் துணைநூற்பட்டியலைப் பார்த்தார். இருபத்தெட்டுப் பக்கம். பெயர், காற்புள்ளி, இனிஷியல், ஆண்டு என்று எதிலும் பிசகில்லை. காற்புள்ளி ஒன்று இடம் மாறினால் அத்தியாயத்தையே விட்டெறியும் அலுவலகம் அது. பெயர் மாறினால் கேட்க அங்கே நாதியில்லை. பட்டியலைப் பாராட்டிவிட்டு அவர் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைத் திறந்து, வாசிக்கச் சொன்னார்.

இசக்கியப்பன் ராகத்தோடே வாசித்தார்.

“உப்புல நின்னகாலு ஊருசனம் பாத்தகாலு
செத்தபின்னும் வேகலையே செவத்தமகன் வச்சதீயில.”

“கீழ என்ன போட்டிருக்கு?”

“தகவலாளர் எண் ஏழு. பெண். வயது அறுபத்தெட்டு. கள ஆய்வு.”

“இது வழிவழியா வந்த பாட்டா சார்?”

“இல்லம்மா. உப்புல நின்ன காலு தீயில வேகாதும்பாகள்ல. புருசன் செத்தன்னிக்கு அவுகளே கட்டுனது.”

“அவங்க பேரு?”

“பொன்னுக்கிளி.”

“பேர் போட வேண்டாம்னு சொன்னாங்களா?”

இசக்கியப்பன் இல்லை என்று தலையாட்டினார். பாட்டைப் பதிவு செய்து முடித்ததும், எம்பேரு வருமா சார் என்று அந்த அம்மாள் கேட்டதையும், கட்டாயம் வரும் என்று தான் சொன்னதையும் மெல்ல ஒப்புக்கொண்டார். பிறகு ஆய்வு நெறிமுறைக் கையேட்டில் இருந்த மாதிரியைப் பார்த்து, பாடிய நாற்பத்திரண்டு பேருக்கும் எண் போட்டுவிட்டார். எண் போட்டால் ஆய்வு மாதிரி இருக்கும் என்று தோன்றியதாம்.

ஜெசிந்தாவுக்கு முகம் இறுகியது. இந்த அத்தியாயத்தைத் தானும் இரண்டு தடவை படித்ததாகவும், பெயர் இல்லாதது தன் கண்ணிலும் படவில்லை என்றும் சொன்னார். அதைச் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது. பேனாவை மூடி வைத்தார்.

மணி மூன்று. நாற்பத்திரண்டு பெயரையும் தேடி எடுத்து, திரும்பத் தட்டச்சு செய்து, பைண்டிங் செய்து ஐந்து மணிக்குள் கொடுப்பது நடக்கிற காரியமா என்று இசக்கியப்பன் மன்றாடினார். எட்டு வருடம் மண்ணாகிவிடும் என்றார். இப்போது இப்படியே போகட்டும், பின்னால் புத்தகமாக்கும்போது எல்லாப் பெயரையும் போடலாம் என்றார். ஜெசிந்தா பேனாவை எடுக்கவில்லை.

“அவுகளுக்கு எழுத்துக்கூட்டவே தெரியாதும்மா. பேரு வந்துச்சா வரலையான்னு பாக்கவா போறாக?”

ஜெசிந்தா மேசையில் கிடந்த அச்சுத் தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

“உங்க அப்பாவும் கைநாட்டுதானே சார். அவர் பேர் வந்திருக்கு.”