பிச்சை என்று எழுதிய கத்தி

முன்னொரு காலத்தில், கோபம் வந்தால் தலையை வாங்குவதும் கோபம் தணிந்தால் அதற்காக வருந்துவதுமாக ஓர் அரசர் நாட்டை ஆண்டுவந்தார். அவர் சபையில் கூத்தப்பன் என்றொரு விகடகவி இருந்தான். வாய் நீளம், புத்தி அதைவிட நீளம். அதனாலேயே தளவாய் செண்பகராயருக்கு அவனைக் கண்டால் ஆகாது.

ஒருமுறை வடக்கு நாட்டு அரசன் நட்புக்கு அடையாளமாக ஒரு கத்தி அனுப்பினான். தந்தப் பிடி, அலகு முழுவதும் கொடி கொடியாய்ச் சித்திரம். நம் அரசர் பூரித்துப்போய் அதை இடுப்பில் செருகிக்கொண்டு நகர்வலமே போய்வந்தார். பிறகுதான் அரசியார் உற்றுப் பார்த்து, அந்தக் கொடிகள் எழுத்துகள் என்று கண்டார். ‘கையேந்தியவனுக்கு இட்ட பிச்சை’ என்றிருந்தது.

அரசருக்கு முகம் சிவந்துவிட்டது. திருப்பி அனுப்பினால் போர். வடக்கத்தியான் படையோ பல மடங்கு பெரியது. அழித்தாலும் போர்தான். ஆனி மாதம் வரப்போகும் தூதர், எழுத்தை அழிக்கவில்லை என்று கோயில் விளக்கின் முன் சத்தியம் கேட்பார். நம் அரசருக்கு எத்தனை குறை இருந்தாலும் பொய்ச் சத்தியம் மட்டும் வராது.

“எழுத்து மறைய வேண்டும். ஆனால் அதை அழிக்கவென்று ஒரு கையும் படக் கூடாது. யாரால் முடியும்?” என்றார்.

சபையில் செண்பகராயர் எழுந்தார். “அரசே, கூத்தப்பனால் ஆகாததும் உண்டா? முடியாவிட்டால் தலையைக் கொடுக்கட்டும்.”

“அப்படியே ஆகட்டும்” என்றுவிட்டார் அரசர்.

கூத்தப்பன் கத்தியை வாங்கி, அலகில் நகத்தை ஓட்டிப் பார்த்தான். நகம் எங்கும் தட்டவில்லை. உளியால் வெட்டியதல்ல, திராவகம் தடவி மேலாக அரிக்கவிட்ட எழுத்து. நேரே அரண்மனை மடைப்பள்ளிக்குப் போனான். அங்கே ஊறுகாய்க் காலம். மாங்காய் மலையாகக் குவிந்து கிடந்தது.

“பேச்சியக்கா, அரசருக்கு ஊறுகாய் போட இனிமே இதாலதான் நறுக்கணும்” என்று தலைமைச் சமையற்காரியிடம் கத்தியை நீட்டினான்.

“ஐயையோ, ராசா கத்தியாச்சே! புளிப்புப் பட்டா கறுத்துப்போயிடுமே சாமி!”

“கறுத்தா என்ன செய்வே?”

“செங்கப்பொடி போட்டுத் தேய்ப்பேன். கறுத்த கத்தி பட்டா ஊறுகா என்னத்துக்கு ஆகும்?”

“அதெல்லாம் நான் ஒண்ணும் சொல்லலை. உன் வேலையை நீ பாரு.”

அவளும் பார்த்தாள். பகலெல்லாம் நறுக்கினாள்; பொழுது சாய்ந்ததும் தேங்காய் நாரும் செங்கல் பொடியுமாகக் கறை போகத் தேய்த்தாள். மாங்காய் முடிந்து நார்த்தங்காய் வந்தது, எலுமிச்சை வந்தது. எழுத்து நாளுக்கு நாள் மங்கியது. அரசரோ ஊறுகாயைக் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஆனியில் தூதர் வந்தார். கத்தியை உருவிப் பார்த்தால் அலகு பளிங்காக மின்னியது.

“எங்கள் அரசரின் எழுத்தை அழித்தது யார்?” என்று சீறினார்.

கூத்தப்பன் வாய் திறப்பதற்குள் செண்பகராயர் குதித்தெழுந்தார். “அரசே, இவன் தங்கள் கத்தியை மடைப்பள்ளியில் போட்டு மாங்காய் நறுக்கவைத்தான்! தினமும் அதைச் செங்கல் பொடியில் தேய்த்துக் கழுவியிருக்கிறார்கள். என் ஆட்கள் கண்ணால் கண்டார்கள். இந்த அவமானத்துக்கு இவன் தலை போக வேண்டாமா?”

அரசரின் கண் சிவந்தது. கூத்தப்பன் தூதரைப் பார்த்துக் கைகூப்பினான்.

“கேட்டீர்களா ஐயா? என்னைக் கண்டாலே ஆகாதவர் சொல்லும் சாட்சி இது. எங்கள் அரசர் உண்ணும் உணவையே தங்கள் பரிசால்தான் நறுக்கினோம். இதைவிட மரியாதை உண்டா? நறுக்கிய கத்தியைக் கறை போகத் தேய்த்துக் கழுவுவது எங்கள் வழக்கம். தங்கள் நாட்டில் கழுவுவதில்லையோ?”

இல்லை என்றால் அவர் நாட்டுக்கே கேவலம். “கழுவாமல் என்ன?” என்று முணுமுணுத்தார் தூதர். ‘எழுத்தை அழிக்கவென்று எந்தக் கையும் படவில்லை’ என்று அரசரும் விளக்கின் முன் சத்தியம் செய்தார். பேச்சியின் கை கறையைப் போக்கத்தானே பட்டது! இப்படியொரு புத்தி நமக்கெல்லாம் வருமா, சொல்லுங்கள்.

தூதர் போனதும் அரசர் கிரீடம் சரியச் சரியச் சிரித்தார். தம் இரு கைத் தோடாக்களையும் கழற்றிக் கூத்தப்பனிடம் நீட்டினார்.

“அரசே, ஒன்று பேச்சியக்காவுக்கு. மற்றது தளவாய்க்கு. நானே சொல்லியிருந்தால் தூதர் நம்பியிருப்பாரா? என் தலையைக் காத்தது அவர் சொன்ன கோள்தான்!”

அரசர் மறுபடி சிரித்துக்கொண்டே செண்பகராயர் கையில் தோடாவைத் தாமே மாட்டிவிட்டார். பாவம், தளவாய் சபையறியக் கூத்தப்பனுக்கு நன்றி சொல்ல வேண்டியதாயிற்று.